கல்லறையும் பந்தியும்: மதுரைச் சீமையில் உயிர்ப்பு விசுவாசம் பற்றிய ஒரு விசாரணை

1. கேள்வி

பங்குனி உத்திரத்துக்காகத் திருப்பரங்குன்றத்தில் ஜனங்கள் திரளும் பௌர்ணமியை ஒட்டியே பெரும்பாலான ஆண்டுகளில் கிறிஸ்தவர்களின் உயிர்ப்புப் பெருவிழாவும் வருகிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்று திருச்சபை வகுத்த கணக்கும், திதியையும் நட்சத்திரத்தையும் கொண்டு நம் பஞ்சாங்கம் வகுத்த கணக்கும் ஒரே நிலவைப் பார்த்து எழுந்தவையாதலால் விளைந்த பொருத்தம் இது. சில ஆண்டுகளில் விழா ஒரு மாதம் தள்ளிச் சித்திரைப் பௌர்ணமியோடு சேர்ந்துகொள்வதும் உண்டு. 2019 ஏப்ரல் 19 அன்று அழகர் வைகையில் இறங்கியபோது, அதே நாள் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளியாகவும் இருந்தது.

இவ்வாறு மதுரைச் சீமையின் திருவிழாக் காலத்தின் நடுவே நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அனுசரிக்கப்பட்டு வரும் இவ்விழா, இதைக் கொண்டாடுவோர்க்கு வாழ்வின் நோக்கமாக எதை அளித்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. உயிர்ப்பு என்பது மரணத்துக்குப் பின் வரும் வாழ்வைப் பற்றிய உத்தரவாதம், ஆகவே அது ஆறுதல் என்பது ஒன்று. பிரசங்க பீடங்களிலும் அடக்க ஆராதனைகளிலும் நாம் பெரிதும் கேட்பது இதுவே. தமிழ்க் கிறிஸ்தவர்களின் பக்தி சிலுவைப் பாடுகளிலேயே தோய்ந்தது, உயிர்ப்பு அதற்கு ஒட்டப்பட்ட மங்கள முடிவு மாத்திரமே என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால், உயிர்ப்பின் பொருள் இங்கே மெய்யாகப் பரீட்சிக்கப்பட்ட இடம் கல்லறை அன்று, சாப்பாட்டுப் பந்தியே என்று கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த அபிப்பிராயத்துக்கான ஆதாரங்களை இனி வைக்கிறேன்.

2. மறுபிறப்பும் உயிர்ப்பும்

1606-இல் மதுரைக்கு வந்து சேர்ந்த இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி என்னும் தத்துவ போதகர், சந்நியாச வேஷம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று, இவ்வூர்ப் பண்டிதர்களோடு விவாதிக்கத் தொடங்கியபோது எதிர்கொண்ட முதற் சிக்கல்களுள் ஒன்று பிறவியைப் பற்றியது. பிறவி அறுவதே பேரின்பம் என்று நம்பும் ஜனங்களிடம், இறந்த உடல் மீண்டும் எழும் என்பதை ஒரு நற்செய்தியாக எங்ஙனம் கூறுவது? மதுரைக்கு அருகே திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் இறைவனிடம் இரந்து நின்றதெல்லாம் இனிப் பிறவாமையையே அன்றோ? இதை எதிர்கொண்டே தத்துவ போதகர் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்ற நூலை இயற்றினார்.

மாண்டவர் மீள்வது தமிழர்க்குக் கேட்டறியாத செய்தியும் அன்று. மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையைச் சம்பந்தர் எலும்பிலிருந்து எழுப்பியதும், அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் மீட்டதும், அப்பூதியடிகளின் மைந்தனை அப்பர் உயிர்ப்பித்ததும் பெரியபுராணம் கேட்டவர் யாவரும் அறிந்தவை. ஆயினும் இவர்களெல்லாம் விட்டுப்போன வாழ்வுக்கே திரும்பி வந்தவர்கள். விவிலியத்தில் வரும் லாசருவும் இந்த வரிசையைச் சேர்ந்தவனே. கிறிஸ்துவின் உயிர்ப்போ அப்படிப்பட்டதன்று என்பதே கிறிஸ்தவ சித்தாந்தத்தின் முடிவு. எழுந்தவர் நாசரேத்தின் தச்சுப் பட்டறைக்குத் திரும்பவில்லை; அவரைக் கண்டவர்களும் தங்கள் பழைய வாழ்வில் நிலைத்திருக்க முடியவில்லை. மறுபிறப்பு இவ்வுடலை விட்டு வேறோர் உடலுக்குப் போவது. புனர்ஜீவிதம் இழந்த வாழ்வைத் திரும்பப் பெறுவது. உயிர்ப்போ இவ்வுடலையும் இவ்வுலகத்தையும் விட்டுவிடாமலே இரண்டையும் புதிதாக்குவது.

இந்த வாதத்தில் தத்துவ போதகர் ஊன்றிப் பார்த்திருக்க வேண்டிய ஒரு விளைவு மறைந்திருந்தது. பிறவிச் சக்கரத்தை மறுத்தால், பிறப்பால் வரும் உயர்வு தாழ்வுக்கு முன்வினையைக் காரணம் காட்டும் நியாயமும் கூடவே விழுந்துவிட வேண்டும். அவர் முன்னதை மறுத்தார். சாதி ஆசாரத்தையோ சமயத்தோடு தொடர்பற்ற உலக வழக்கம் என்று சொல்லி நிலைக்க விட்டார். இந்த முரணின் நிழல் பின்வந்த நூற்றாண்டுகள் அனைத்தின்மீதும் நீண்டு கிடக்கிறது.

3. பாஸ்கு: முடிவிலிருந்து பார்த்த கதை

தமிழ்க் கிறிஸ்தவர்கள் உயிர்ப்பைவிட மரணத்தையே பெரிதும் போற்றுகிறார்கள் என்ற இரண்டாம் அபிப்பிராயத்துக்கு முதன்மையான சான்றாகக் காட்டப்படுவது, கத்தோலிக்கக் கிராமங்களில் இரவிரவாக நடைபெறும் பாஸ்கு நாடகம். மதுரையிலிருந்து மானாமதுரைக்குப் போகும் வழியை ஒட்டி, வைகைக்கு அருகில் உள்ள இடைக்காட்டூர், பிரெஞ்சு சேசு சபையினரான பெர்டினாண்ட் செல் அடிகளார் 1894-இல் எழுப்பிய திரு இருதய ஆலயத்துக்கு எவ்வளவு பெயர் பெற்றதோ அவ்வளவு தன் பாஸ்குக்கும் பெயர் பெற்றது. குருத்தோலைப் பவனி தொடங்கிக் கல்லறை திறப்பது வரை ஊரார் தாமே வேஷம் கட்டி நடிக்கும் இவ்வகை நாடகங்களில் மாதாவின் புலம்பலுக்குக் கிடைக்கும் நேரமும் கண்ணீரும், உயிர்ப்புக் காட்சிக்குக் கிடைப்பதில்லை என்பது உண்மை. இறந்த மகனை மடியில் கிடத்தி அழும் தாய், ஒப்பாரி மரபில் ஊறிய பெண்களுக்கு அயலாளாகத் தோன்றுவாளா?

ஆனால் இதிலிருந்து உயிர்ப்பு ஓர் ஒட்டு மாத்திரமே என்று முடிவு கட்டுவது அவசரம் என்பேன். முதலாவது, ஆலயத்துக்குள் நடந்த உயிர்ப்பு வழிபாடே நெடுங்காலம் ஜனங்களுக்கு எட்டாத நிலையில் இருந்தது. இரவில் நடக்க வேண்டிய பாஸ்கா திருவிழிப்பு நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமைக் காலையில், பட்டப்பகலில், லத்தீன் மொழியில் நடைபெற்றது. அப்போது கோயில்கள் ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கின்றன என்பதைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், 1955 நவம்பரில் வெளிவந்த ஆணையே ஒப்புக்கொள்கிறது. திருவிழிப்பை இரவில் நடத்த 1951-இல் முதலில் அனுமதி வந்தது. 1956 முதல் அதுவே விதியாயிற்று. தமிழ் வழிபாடோ இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே. ஆகவே ஒரு கிராமத்து விசுவாசி தன் கண்ணால் கண்டு, தன் பாஷையில் கேட்ட உயிர்ப்பு பல தலைமுறைகளுக்குப் பாஸ்கு மேடையில் நிகழ்ந்ததாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது காரணம் இதைவிடச் சுவாரசியமானது. சில ஊர்களில் பாஸ்கு பெரிய வாரத்தில் நடைபெறாமல், உயிர்த்த ஞாயிறு கழிந்த பின்னரே நடைபெறுகிறது. இதற்கு லௌகிக காரணங்களைக் கூறுவது எளிது: பெரிய வாரத்தில் பங்குச் சாமியாருக்கு ஓய்வு ஏது? அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை மாதங்கள் கூத்துக்கும் திருவிழாவுக்கும் எல்லா ஜனங்களுக்கும் உகந்த காலமும் ஆகும். காரணம் எதுவாயினும் விளைவு கவனிக்கத்தக்கது. முடிவு இன்னதென்று தெரிந்து, ஆலயத்தில் அல்லேலூயா பாடி முடித்தபின், ஜனங்கள் பாடுகளின் கதையை மறுபடி பார்க்க உட்காருகிறார்கள். சுவிசேஷங்கள் எழுதப்பட்ட முறையும் இதுவேயன்றோ? அவற்றை எழுதியவர்கள் உயிர்ப்பை விசுவசித்தபின் பின்னோக்கிப் பார்த்தே சிலுவையை எழுதினார்கள். உயிர்ப்பில் நம்பிக்கையற்ற ஒருவனுக்கு அந்த மரணத்தை விவரித்து எழுதவே காரணம் இராது. பாஸ்கு பார்க்கும் பாட்டி அழுவது மரணம் வென்றுவிட்டது என்பதற்காக அன்று. அழலாம், அழுவதற்கு இனி இடமுண்டு என்பதற்காக. துக்கத்தை அழித்துவிடாமல் அதைச் சுமக்க வலு தருவதே உயிர்ப்பின் முதற் பயன் என்பதை இந்த ஜனங்கள் எவ்வித வியாக்கியானமுமின்றி உணர்ந்திருக்கிறார்கள்.

எனினும் வலு மாத்திரம் நோக்கமாகிவிடாது. எதற்காக வலு என்ற வினா நிற்கிறது.

4. நிருபம் ஒன்றின் ஒழுங்கு

உயிர்ப்பைப் பற்றி விரிவாக எழுதப்பட்டவற்றுள் ஆதியானது சுவிசேஷங்கள் அல்ல. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரம், கி.பி. ஐம்பதுகளில் எழுதப்பட்டது. அந்த அதிகாரத்தைப் பெரும்பாலோர் அடக்க ஆராதனையில் கேட்டே அறிவர். ஆகவே அது மரித்தோரைப் பற்றியது என்றே எண்ணிவிடுகிறோம். அது முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். மரணத்தின் கூர் எங்கே என்று கெம்பீரமாக வினவியபின், ஆகையால் உங்கள் பிரயாசம் வீணாகாது, வேலையில் பெருகுங்கள் என்ற கருத்தோடு பவுல் அதை முடிக்கிறார். அடுத்த வாக்கியமே, எருசலேமில் உள்ள ஏழைகளுக்காகச் சேர்க்க வேண்டிய பணத்தைப் பற்றியது. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள் என்கிறார். அதிகாரம் என்ற பிரிவு பிற்காலத்தவர் வகுத்தது. எழுதியவர் கையில் உயிர்ப்பும் உண்டியலும் அடுத்தடுத்த வரிகளே. வாரத்தின் முதல் நாள் உயிர்ப்பின் நாள் என்பதையும் மறந்துவிடலாகாது.

இதே நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் அவர் கடிந்துகொள்வது எதை? கர்த்தருடைய பந்திக்குக் கூடும்போது, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு திருப்தியடைய, ஏழைகள் பசியோடு நிற்பதை. பந்தியில் தொடங்கி, உயிர்ப்பை விளக்கி, தர்மத்தில் முடியும் ஒழுங்கு இது.

சுவிசேஷங்களும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன. எம்மாவுக்குச் சென்ற இருவர் வழிநெடுக வேத விளக்கம் கேட்டும் அவரை அறியவில்லை. அப்பம் பிட்டபோதே அறிந்தார்கள், அறிந்த நாழிகையிலேயே எழுந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள். திபேரியாக் கடற்கரையில் அவர் கரி நெருப்பு மூட்டி, மீன் வைத்து, இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் அகப்படாதிருந்தவர்களைச் சாப்பிட வரும்படி அழைக்கிறார்; அந்தப் பசியாறல் முடிந்த பிற்பாடுதான் பேதுருவிடம், என் ஆடுகளை மேய்ப்பாயாக என்ற பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. அந்தப் பேதுரு பின்னொரு நாள் கொர்நேலியு என்ற அந்நிய ஜாதியான் வீட்டில் நின்று உயிர்ப்புக்குச் சாட்சி கூறும்போது, எழுந்தவரோடு புசித்துக் குடித்தவர்கள் நாங்கள் என்பதையே அத்தாட்சியாக வைக்கிறார். எருசலேமுக்குத் திரும்பியதும் அவர்மேல் சாட்டப்பட்ட குற்றமும் உணவைப் பற்றியதே: விருத்தசேதனமில்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்பது.

இதை வாசிக்கும் மதுரைக்காரன் எவனுக்கும், பந்தியில் யாரோடு உட்காருவது என்ற வழக்கு புதிதாகத் தோன்றாது.

5. மதுரையின் பந்திகள்

தத்துவ போதகர் வருவதற்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசிய சேசு சபையினர் மதுரையில் இருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவர்களுக்காக அவர் நடத்திவந்த கோயிலிலிருந்து தத்துவ போதகர் விலகி, தனி மடம், தனி உணவு, தனிக் கோயில் வைத்துக்கொண்டார். பரங்கி என்ற பெயரைத் தம்மீது படியவிடாதிருக்க அவர் செய்த ஏற்பாடு இது. இதை அனுமதித்து 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், சமயம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வழங்கினார். 1640 முதல், தாழ்ந்தோர் எனப்பட்டவர்களிடையே ஊழியம் செய்வதற்குப் பல்த்தசார் த கோஸ்தா தொடங்கிப் பண்டாரச் சாமிகள் என்று வேறொரு வகுப்பார் ஏற்பட்டனர். ஒரே விசுவாசத்துக்கு இரு வகைக் குருக்கள். ஆக, இரு பந்திகள்.

தத்துவ போதகரை நியாயமாக எடைபோட வேண்டும். அவருடைய நூல்களைப் பதிப்பித்து, அவரைக் கீழ்த்திசை அறிஞர்களில் முதல்வராக நிறுவிய இராசமாணிக்கம் அடிகளார், ஒரு ஜனசமூகத்தின் பண்பாட்டை மதித்து அதற்குள் புகுந்த முதல் ஐரோப்பியரென அவரைக் கொண்டாடுவதில் பொருள் உண்டு. அதே சந்நியாச வேஷத்தை, பிறப்பால் வரும் மதிப்பைப் பற்றிய ஐரோப்பியப் பிரபுத்துவக் கருத்தும் தமிழகத்துக் கருத்தும் கைகோத்ததாக வாசிக்கும் இனெஸ் ஜுபானொவ் போன்ற பிற்கால ஆராய்ச்சியாளர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. என் அபிப்பிராயத்தில், அவர் தமிழ் மொழிக்குள் உயிர்ப்பைக் கொண்டுவந்தார்; தமிழ்ப் பந்திக்குள் கொண்டுவரவில்லை.

பந்திக்குள் கொண்டுவரும் முயற்சி வேறொரு திசையிலிருந்து, சற்றே முரட்டுத்தனமாக வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1847-இல், சாதியை விடாதவர்க்குத் திருவிருந்தில் இடமில்லை என்று தீர்மானித்து, அன்பின் விருந்து என்ற பொதுச் சாப்பாட்டை அதற்குப் பரீட்சையாக வைத்தது. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் இதே வழியைத் தழுவியது. லைப்சிக் லுத்தரன் சங்கத்தார் மாத்திரம் உடன்படவில்லை. இதைச் சமத்துவத்தின் வெற்றி என்று கொண்டாடுவோர் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சம்பளம் கொடுப்பவன் வைக்கும் பரீட்சையில் தேறுவது விசுவாசத்தால்தானா என்பதை யார் அறிவார்? தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் 1829-இலேயே இவ்வகைக் கட்டாயத்தைக் கண்டித்து எழுதினார். தமிழ்க் கிறிஸ்தவ கீர்த்தனைகளின் தந்தை என்று போற்றப்படும் அவர், உடன் உண்ணக் கட்டாயப்படுத்துவதையும், தமிழ்ச் சங்கீதத்தையும் பூவையும் ஆலயத்திலிருந்து விலக்குவதையும் ஒரே அக்கிரமத்தின் இரு கிளைகளாகக் கண்டார். அவருடைய சாதி வாதம் நமக்கு ஏற்புடையதன்று. ஆனால் அந்நியர் கையால் திணிக்கப்பட்ட சமபந்தியில் உணவு இருந்தது, விருந்து இல்லை என்ற அளவில் அவர் கண்டது மெய்.

பின்னர் 1947 வந்தது. ஒரியூரில் 1693-இல் தலை வெட்டுண்ட சேசு சபைக் குருவான அருளானந்தர் அவ்வாண்டு ஜூனில் புனிதராக உயர்த்தப்பட்டார்; ஆகஸ்டில் தேசம் சுதந்திரம் அடைந்தது; செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் ஒரே திருவிருந்துக்கு வந்த இந்த ஐக்கியத்தில், ஆயர்கள் என்பாரையே அறியாத அமெரிக்க மிஷன் சபைகள் நிறைந்த மதுரை-இராமநாதபுரம் பேராயத்துக்கு, லெஸ்லி நியூபிகின் என்ற பிரெஸ்பிட்டேரியர் முதல் பேராயராக வந்தார். உலகைப் பற்றிய சிந்தனையின் முடிவாக அன்றி அதன் தொடக்கமாகவே உயிர்ப்பைக் கொள்ள வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் உலகறிய வாதித்தார். மதுரையில் பேராயராக இருந்த காலத்தில் 1953-இல் வெளியிட்ட நூலில், திருச்சபை என்பது வந்து சேர்ந்துவிட்ட கூட்டமன்று, நடந்துகொண்டே இருக்கும் கூட்டம் என்று விளக்கினார். சபைப் பிரிவுகளுக்கிடையே பந்தி ஒன்றாயிற்று. சாதிப் பிரிவுகளுக்கிடையே அவ்வாறு ஆகவில்லை. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சி கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்த ஊர் இது என்பதை நினைத்தால், யாவர்க்கும் திறந்தது என்று சொல்லிக்கொண்ட ஆலயங்களுக்கு அது எவ்வளவு சங்கடமான அண்டை வீடு!

6. அரசரடியில் ஓர் உலை

1969-இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்ற பெயரால் கிராமங்களில் அறியப்பட்டவர், 2005-இல் காலமானார். நாட்டுப்புற மெட்டுகளில் அவர் அமைத்த கிராமிய இசை வழிபாடும், அதில் பறைக்கு அவர் கொடுத்த இடமும் ஜோயி ஷெரினியன் 2014-இல் வெளியிட்ட ஆய்வு நூலால் வெளிநாட்டு அறிஞர்க்கும் தெரியவந்தன. சாவு வீட்டுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட ஒரு வாத்தியத்தைப் பலிபீடத்தின் அருகே ஒலிக்கச் செய்வதைக் காட்டிலும் உயிர்ப்புக்குத் தெளிவான வியாக்கியானம் வேறு எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுவின் இறையியலில் பறைக்கு நிகரான இடம் சோற்றுக்கு உண்டு. ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதையே அவர் திருவிருந்தின் உட்பொருளாகக் கண்டார். கடவுளின் குடும்பம் என்பது ஒரு பானையில் உண்பவர்களின் குடும்பம் என்று போதித்தார். 1847-இன் தீர்மானத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே பந்தி, மேலிருந்து வைக்கப்பட்ட பரீட்சை. இங்கே அது, கீழிருப்பவர்கள் தங்கள் அடுப்பிலிருந்து விடுக்கும் அழைப்பு. கடற்கரையில் நெருப்பு மூட்டியவரும் தம்மைக் கைவிட்டு ஓடியவர்களைப் பரீட்சிக்கவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னார்.

7. வெள்ளியும் ஞாயிறும்

இன்றைய நிலைமைக்கு வருவோம். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை முடிந்தபின், பல பங்குகளில் ஆலய வளாகத்தில் அண்டாவில் கஞ்சி காய்ச்சி எல்லார்க்கும் ஊற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவரவர் வீட்டில் ஆட்டுக்கறி வேகிறது. துக்கம் பொதுவாகவும் மகிழ்ச்சி தனித்தனியாகவும் உண்ணப்படுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது. மீனாட்சி திருக்கல்யாணத்தை விருந்தின்றி நிறைவு செய்யாத ஊரில், மொய் எழுதியவர் எழுதாதவர் என்று பாராமல் பரிமாறும் ஊரில், உயிர்ப்பைக் கொண்டாடுவோர் மாத்திரம் தங்கள் பெரிய மகிழ்ச்சியைக் கதவுக்குள் கொண்டாடுவது யோசிக்கத்தக்கது. நோக்கம் தேய்ந்துபோவது சித்தாந்தத்தில் அன்று, இவ்வகை வழக்கங்களில்தான்.

பந்தியில் தொடங்கும் பிரிவினை கல்லறையில் முடிகிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. இராமநாதபுரம் சீமையின் கிராமமொன்றை நெடுங்காலம் ஆராய்ந்து 2012-இல் நூல் எழுதிய டேவிட் மோஸ், தேவாலயத் திருவிழாவின் மரியாதைகளே சாதி வரிசையைப் பறைசாற்றியதையும், தலித் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்துப் போராடியதையும் விரிவாகக் காட்டியிருக்கிறார். 2003 நவம்பரில் மதுரை உள்ளிட்ட மறைமாநிலங்களின் ஆயர்களைச் சந்தித்த பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே நிலவும் சாதி பேதத்தை வெளிப்படையாகவே கண்டித்தார். யாவரும் ஒருங்கே எழுவர் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறவர்கள், எழும்போது தனித்தனி வாசல் வழியாக வருவதற்கு ஏற்பாடு செய்து வைத்திருப்பதை வேறு எவ்விதம் விளங்கிக்கொள்வது?

இந்த வழக்கும் பழையதே. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு தாராளமாக உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்; எழுந்தவரோடு புசித்தவன் நான் என்று கொர்நேலியுவின் வீட்டில் சாட்சி சொன்னவர் அவரே. அவரைப் பார்த்துப் பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் இதை மறைவில் பேசித் தீர்க்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கேட்டதாகக் கலாத்தியர் நிருபத்தில் தாமே எழுதுகிறார். தாம் கேட்டதை வார்த்தை வார்த்தையாகப் பதிவு செய்யும் அவர், பேதுரு சொன்ன மறுமொழியைப் பதிவு செய்யவில்லை.